இடப்பக்கத் தையல்

பிப்ரவரி 3

சின்னவளுக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் சுண்டெலியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் நலம்.

அக்கா கடிதம் போட்டிருக்கிறாளே, என்ன ஆயிற்றோ என்று பதறாதே. நான் ஃபோனில் கூப்பிட்டால் நீ ‘எப்படிக்கா இருக்க’ என்று கேட்கிறாய். நான் வாயைத் திறப்பதற்குள் ஃபோன் சுண்டெலி கைக்குப் போய்விடுகிறது. இரண்டு வருஷமாக நான் அவளோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். இரண்டரை வயதுக்காரியிடம் இந்த விஷயத்தைக் கேட்க முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு என்னைத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையிலிருந்து எடுத்துப் புகார் மேஜையில் உட்கார வைத்தது உனக்குத் தெரியும். பதினெட்டு வருஷம் தெருத்தெருவாக நடந்து, மாடிப்படி ஏறி, மூடியைத் தூக்கி எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தவளுக்கு நாற்காலி ஒத்துவரவில்லை. டாக்டரம்மா நடக்கச் சொன்னார். நடந்தேன். நடை அலுத்துப்போய், போன ஜூனில் பூங்காவில் காலையில் ஓடுகிற கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன். எல்லாம் நரைத்த தலைகள்தான். ஒரு பல் டாக்டர் அம்மா, ஒரு கணக்கு டீச்சர், இன்னும் நாலைந்து பேர். அக்டோபரில் ஒரு அரை மாரத்தான் இருக்கிறது. இருபத்தொரு கிலோமீட்டர். டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டுப் பெயர் கொடுத்துவிட்டேன். சிரிக்காதே.

போன ஞாயிறு எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த உன் அத்தான் என்னைப் பார்த்து அப்படியே நின்றார். “சட்டையில என்ன, டீ கொட்டிக்கிட்டியா?” என்றார். குனிந்து பார்த்தால் இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம். பிராவின் விளிம்பு உரசி உரசித் தோலை உரித்திருக்கிறது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்தப் பக்கம் முழுக்க மரத்துக் கிடக்கிறது, கிள்ளினாலும் தெரியாது. ரேடியேஷன் கரண்ட் வைத்ததில் தோலும் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது.

கடையில் போய்க் கேட்டேன். அந்தப் பெண் என் மார்பைப் பார்த்தாள், உடனே நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உன் ஞாபகம் வந்தது. பிரா தைக்கிற தொழிற்சாலையில் பத்து வருஷமாக மாதிரி தைக்கிறவள் வீட்டிலேயே இருக்க, நான் ஏன் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும்?

உன்னால் முடியுமா என்று எழுது. சுண்டெலியின் இரண்டு கன்னத்துக்கும் முத்தம்.

அக்கா

•

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். உன் உடம்பும் அத்தான் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும்.

தைத்துத் தருகிறேன். இதில் கேட்க என்ன இருக்கிறது.

முதலில் அந்தப் புண் முழுசாக ஆறட்டும். அதுவரை ஓடாதே. பருத்தி பிராவை இனிமேல் ஓட்டத்துக்குப் போடாதே. பருத்தி நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள், உட்கார்ந்திருப்பவர்களுக்கு நல்லதுதான். ஓடும்போது அது வேர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும். ஈரத்துணி, வேர்வை உப்பு, ஆயிரம் தடவை அசைவு, மூன்றும் சேர்ந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போலத்தான். நைலானும் லைக்ராவும் கலந்த துணி ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஈரத்தைப் பிடித்து வைக்காது. மாதிரிப் பிரிவில் மீதியாகும் துண்டுகளை எடுத்துக்கொள்ளச் சூப்பர்வைசர் அம்மா சம்மதித்துவிட்டார்.

எனக்கு அளவு வேண்டும். மார்புக்குக் கீழே சுற்றளவு, மூச்சை இழுத்துப் பிடித்து ஒன்று, விட்டு ஒன்று. தோளிலிருந்து கீழ்ப்பட்டை வரை, இரண்டு பக்கமும் தனித்தனியாக. தழும்பு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது. எடுத்த மார்புக்குப் பதிலாக உள்ளே வைக்கிற சிலிக்கான் எத்தனை கிராம். கை வீக்கம் இருந்தால் அதையும் சொல்.

படம் எதுவும் அனுப்ப வேண்டாம். அளவே போதும்.

சுண்டெலி இப்போது எல்லாவற்றுக்கும் ‘ஏன்’ என்கிறாள். பதில் சொல்லி மாளவில்லை.

உன் தங்கை

•

பிப்ரவரி 27

சின்னவளுக்கு,

சேமமாக இருக்கிறோம். உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன். புண் ஆறிவிட்டது.

அளவெல்லாம் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உன் அத்தான்தான் எடுத்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர் இல்லையா, மில்லிமீட்டர் கணக்கில் எழுதியிருக்கிறார். “இவ்வளவு துல்லியமா எனக்கே யாரும் சட்டை தச்சதில்ல” என்று பெருமை வேறு.

தழும்பு நடுமார்பிலிருந்து அக்குள் வரை ஒரு சாண். நேர்க்கோடு இல்லை, முடிகிற இடத்தில் கொஞ்சம் மேலே ஏறும். அக்குளுக்குக் கீழே தோல் மிச்சப்பட்டு ஒரு சின்ன மடிப்பு நிற்கிறது, குழந்தையின் தொடை மடிப்பு மாதிரி. அதை எண்ணில் எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. நீ பார்த்தால் ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வாய். படம் வேண்டாம் என்றாய், சரி.

அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிட்டதால் இடது கையில் சின்னக் கீறல் பட்டாலும் கிருமி தொற்றிக் கை வீங்கும் என்று பிசியோ தம்பி பயமுறுத்தி வைத்திருக்கிறார். இதுவரை வீங்கவில்லை. ஓடும்போது கைக்கு ஓர் இறுக்கமான உறை போட்டுக்கொள்கிறேன்.

ஒரு ராத்திரி ரயில்தான். நேரில் வந்து நீயே அளவு எடுத்துவிட்டுப் போகலாம். உன் வேலை எனக்குத் தெரியும், கட்டாயப்படுத்தவில்லை.

ஏன் ஏன் என்று கேட்பவளுக்கு என் அன்பு.

அக்கா

•

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே கேட்க ஆசை.

பிரா ஒன்று அனுப்பியிருக்கிறேன். நான்கு நாள் மதிய இடைவேளையில் தைத்தது. மேலே தூக்கித் தெரியாத தட்டைத் தையல்தான் முழுக்கப் போட்டிருக்கிறேன், விரலால் தடவினால் இடறாது. கொக்கி இல்லை, லேபிள் இல்லை, தலை வழியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். இடது தோள்பட்டி மூன்று விரல் அகலம், எடை ஒரே இடத்தில் அழுத்தாது. சிலிக்கானை உள்ளே வைக்காதே, அது தோலில் ஒட்டி வேர்க்கும். அதற்குப் பதிலாக ஒரு பஞ்சு மெத்தை தைத்து உறைக்குள் வைத்திருக்கிறேன். காற்று போகும்.

பக்கத் தையலை எங்கே வைப்பது என்பதில்தான் குழம்பினேன். அந்த மடிப்பைத் தாண்டிப் பின்னால் இரண்டு விரல் தள்ளி வைத்திருக்கிறேன். ஓர் ஊகம்தான்.

போடுவதற்கு முன் தழும்பிலும் அக்குளிலும் கீழ்ப்பட்டை படுகிற இடத்திலும் வாசலின் தடவு. தாராளமாகத் தடவு. ஓடி வந்ததும் உடனே கழற்றிவிட்டு உப்புப் போகக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடு. பிறகு கண்ணாடியில் பார். உனக்கு வலி தெரியாது என்பதால் கண்தான் உனக்கு வலி. முதலில் மூன்று கிலோமீட்டர், அப்புறம் ஐந்து. சிவப்பாக ஒரு கோடு தெரிந்தாலும் நிறுத்திவிட்டு எனக்கு எழுது.

வர ஆசைதான். ஆர்டர் நெருக்கடி, லீவு தர மாட்டார்கள்.

தங்கை

•

ஏப்ரல் 4

சின்னவளுக்கு,

எல்லாரும் நலமா? நாங்கள் நலம்.

பிரா வந்தது. போட்டுப் பார்த்தேன், இரண்டாவது தோல் மாதிரி இருக்கிறது. மூன்று ஓடினேன், ஐந்து ஓடினேன். ஒரு பிரச்சினையும் இல்லை. பல் டாக்டர் அம்மா தொட்டுப் பார்த்து, எந்தக் கடை என்று கேட்டார். என் தங்கச்சி என்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து தூரத்தைக் கூட்டுகிறேன். சுண்டெலியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

•

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. மூன்று தடவை ஃபோன் செய்தேன். மூன்று தடவையும் அத்தான்தான் எடுத்தார். தூங்குகிறாள், குளிக்கிறாள், வெளியே போயிருக்கிறாள். அத்தானுக்குப் பொய் சொல்ல வராது, குரல் கம்மிவிடுகிறது.

நான் இப்போது ஃபோனை யாரிடமும் கொடுக்கவில்லை. கூப்பிடு.

கீழ்ப்பட்டையைக் கொஞ்சம் மாற்றி இன்னொன்று தைத்திருக்கிறேன். இதோடு அனுப்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம்.

தங்கை

•

மே 15

கொழுந்தியாளுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் அக்கா பூங்காவுக்கு மெதுவாக நடக்கப் போயிருக்கிறாள், வருவதற்குள் எழுதித் தபாலில் போட்டுவிட வேண்டும்.

நீ அனுப்பிய முதல் பிரா அந்த மடிப்பில் உரசியது. முதல் வாரமே சிவப்பாக ஒரு கோடு இருந்தது. நான் பார்த்துச் சொன்னேன். தங்கச்சிக்கு எழுது என்றேன். மாட்டேன் என்றுவிட்டாள். ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி பதினாலு கிலோமீட்டர் ஓடினாள். மடிப்புக்குள்ளே தோல் பிய்ந்திருந்தது, மேலே பார்த்தால் தெரியாது. மறுநாள் மதியம் கை சிவந்து கொதித்தது. சாயங்காலம் குளிர்காய்ச்சல். ஆறு நாள் ஆஸ்பத்திரி. மருந்தெல்லாம் வலது கையில்தான் ஏற்றினார்கள். காய்ச்சல் போய்விட்டது. கை மட்டும் இன்னும் முழுசாக வடியவில்லை, மோதிரம் ஏறவில்லை.

உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். “அவளுக்குத் தெரிஞ்சா தைக்கறதையே விட்டுடுவா. இதை விட்டா அவ எங்கிட்டப் பேச வேற வழி இல்ல” என்றாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. பொய் சொல்லிச் சொல்லி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அதனால்தான் எழுதினேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அத்தான்

•

ஜூன் 2

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அத்தானைத் திட்டாதே. அவர் எழுதியதால்தான் நான் இதை எழுதுகிறேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இதை எப்படியும் அனுப்பிவிடுவேன்.

சுண்டெலி பிறந்து பதினோராவது நாள். அம்மா இல்லாத வீட்டில் நீதான் வந்து எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாய். மதியம். அவளைக் குளிப்பாட்டித் துண்டில் சுற்றி என் மடியில் போட்டாய். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து உன் இடது மார்பில் வைத்தாய். “இங்க ஏதோ கட்டி மாதிரி இருக்கு பாரு” என்றாய். நான் தொட்டேன். பட்டாணி மாதிரி இருந்தது. நகரவில்லை.

அக்கா, எனக்குத் தெரிந்தது. புற்று என்று தெரியவில்லை, ஆனால் நல்லதில்லை என்று தொட்டவுடனே என் விரலுக்குத் தெரிந்தது. “கொழுப்புக் கட்டியா இருக்கும்க்கா. இவளுக்குக் கழுத்து நிக்கட்டும், அப்புறம் போய்ப் பாத்துக்கலாம்” என்றேன். நீ போய்விட்டால் நான் தனியாக என்ன செய்வேன் என்ற பயம். அவ்வளவுதான், வேறு காரணம் எதுவும் இல்லை. கழுத்து நின்றது. குப்புற விழட்டும் என்றேன். விழுந்தாள். நான் வேலைக்குத் திரும்பட்டும் என்றேன். நீ மூன்று தடவை அந்தக் கட்டியைப் பற்றிப் பேசினாய். மூன்று தடவையும் நான் பேச்சை மாற்றினேன். ஐந்து மாதம். அதற்குள் அது அக்குளுக்குப் போய்விட்டது.

ஆபரேஷன் அன்று அத்தான் ஃபோன் செய்தபோது நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தைக்குக் காய்ச்சல், வர முடியாது என்று என் வீட்டுக்காரரை விட்டுச் சொல்லச் சொன்னேன். காய்ச்சல் இல்லை. அதற்குப் பிறகு சொன்ன காரணம் எதுவும் உண்மை இல்லை. லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். உன்னை நேரில் பார்க்கத் தைரியம் இல்லை. படம் அனுப்ப வேண்டாம் என்றதும் அதனால்தான். பார்க்காமலே தைத்தேன், மடிப்பு இருக்கும் இடத்தை ஊகித்து ஊசியைப் போட்டேன். என் கையால் உனக்கு இரண்டாவது தடவை.

நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஓடி வந்திருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். அதுவும் உன் மேல் பழி போடுவதுதான்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை.

தங்கை

•

ஜூன் 21

சின்னவளுக்கு,

நாங்கள் நலம். கை வடிந்துவிட்டது, மோதிரம் ஏறுகிறது. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் புகார் மேஜையில் உட்கார்ந்து படித்தேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கத்த வந்த ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

உன் மேல் கோபமே இல்லை என்று எழுதினால் அது பொய். இருந்தது. மயக்க மருந்து தெளிந்ததும் முதலில் உன் முகம்தான் வந்தது, ஆசையாக வரவில்லை. முடி கொட்டின மாதங்களில் உன்னைக் கனவில்கூடத் திட்டியிருக்கிறேன். உன் அத்தானிடம்கூட இதைச் சொன்னதில்லை.

ஆனால் நீ சொன்ன கதையில் பாதி இல்லை. அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. எனக்குக் கால் இருந்தது. உன் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் ஆஸ்பத்திரி இருந்தது, சுண்டெலிக்குத் தடுப்பூசி போட நானே இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போனேன். அந்த வராந்தாவிலேயே பெண்கள் பிரிவின் கதவு. அதைத் தாண்டித்தான் நடந்தேன். உன்னிடம் ஏன் சொன்னேன் தெரியுமா? நீ ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று சொல்வாய் என்று தெரிந்துதான் சொன்னேன். எனக்கு அந்த வார்த்தை வேண்டியிருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டு ஒரு டாக்டர் முன்னால் போய் உட்கார எனக்கு மனசில்லை. உனக்காகத் தங்கினேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் எனக்காகத் தங்கினேன்.

இனி எழுதப்போவது உன்னுடையதைவிட மோசம். உட்கார்ந்து படி.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒரு தாள் கொடுத்தார். கூடப் பிறந்த பெண்கள் இருந்தால் அவர்களும் உடனே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். “தங்கச்சிக்கு இன்னைக்கே சொல்லிடுங்க” என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. முதலில் கோபம். அவள் வந்து பார்க்கட்டும், வந்தால் கையில் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். நீ வரவில்லை. பிறகு கோபம் போனது, வெட்கம் வந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாயே. உன் மேல் உண்மையிலேயே வன்மம் வைத்து நான் செய்த ஒரே காரியம் அதுதான். இரண்டு வருஷம், சின்னவளே. நீ ஐந்து மாதம் என்று கணக்குச் சொல்கிறாய்.

பிரா விஷயமாக உனக்குக் கடிதம் எழுத ஆரம்பித்ததே இதை எழுதத்தான். ஒவ்வொரு தடவையும் கடைசி வரியில் எழுதலாம் என்று நினைப்பேன், சுண்டெலிக்கு முத்தம் என்று எழுதி மூடிவிடுவேன்.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். தையலை மூட்டை கட்டி வை. முதலில் போய்க் காட்டு. காட்டிவிட்டு எழுது.

அக்கா

•

ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இருவருக்கும் உடம்பு சரியாக இருக்கட்டும். இங்கே சுண்டெலியும் அவரும் நலம்.

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். நிஜமான கோபம். பாத்திரத்தையெல்லாம் சத்தமாகக் கழுவினேன். அதற்குப் பிறகு என்னவோ மூச்சு விட முடிந்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

போனேன். மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்திப் படம் எடுத்தார்கள். பிறகு ஸ்கேன். வலது பக்கம் ஒன்று இருக்கிறதாம், கையில் படாத அளவுக்குச் சின்னது. டாக்டர் வயசுப் பெண்தான். என்னவாக இருக்கும் என்று கேட்டேன். “இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாதும்மா, எடுத்துப் பாத்துடலாம்” என்றாள். நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. ஊசி வைத்து எடுத்துவிட்டார்கள். முடிவு அடுத்த வியாழன் ஃபோனில் சொல்வார்களாம்.

வியாழன் வரை இங்கே உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முதல் தடவையாக. போய் எனக்கும் குழந்தைக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். திங்கள் ராத்திரி ரயில். செவ்வாய் காலை அங்கே இருப்பேன்.

அளவு நாடாவும் சாக்கட்டியும் எடுத்து வருகிறேன். வேறென்ன எடுத்து வருவது என்று தெரியவில்லை.

தங்கை

•

ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். சுண்டெலி இன்னும் அத்தானின் திருப்புளியைத் தன் தலையணைக்கு அடியில்தான் வைத்திருக்கிறாள். அதைத் தேடிக்கொண்டிருப்பார், சொல்லிவிடு.

உன் அறையில் நின்றபோது வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நீ சட்டையைக் கழற்றிவிட்டு, கண்ணாடி முன்னால் கையைத் தூக்கி நின்றாய். நான் இரண்டு வருஷம் மனசில் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. அது எவ்வளவு பெரிதாக, எவ்வளவு கோரமாக இருந்தது என்று உனக்குச் சொல்ல முடியாது. நேரில் அது தழும்பு. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கோணல். ‘இந்தத் தையலைப் போட்டவன் அவசரத்துல போட்டிருக்கான்’ என்று எனக்குத் தொழில் புத்தி ஓடியது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

சாக்கட்டியால் மடிப்பைச் சுற்றிக் கோடு போட்டேன். “எங்க இருக்க இப்போ?” என்று நீ கேட்டாய். உனக்கு என் விரல் தெரியவில்லை. அக்குள்கிட்ட, முதுகுப் பக்கம் திரும்பறேன் என்று ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கையைத் தொங்கவிட்டு நின்றால் ஒரு மடிப்பு, ஓடுவது போல ஆட்டினால் அது இரண்டு விரல் பின்னால் போகிறது. இதை எந்த எண்ணும் எனக்குச் சொல்லியிருக்காது. அத்தானின் மில்லிமீட்டர் உட்பட.

இதோடு அனுப்புகிற புதியதில் இடது பக்கம் தையலே கிடையாது. முன்னும் பின்னும் ஒரே துண்டு, வலது பக்கத்தில் மட்டும் மூட்டியிருக்கிறேன். மடிப்புக்குள் வைக்க மெல்லிய துணிப்பட்டை தனியாக இருக்கிறது. வாசலின் எண்ணெய்ப்பசை எலாஸ்டிக்கை அரிக்கும், ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டு அலசு. ஒரே நாளில் தூரத்தைக் கூட்டாதே. பிசியோ சரி என்று சொன்ன பிறகுதான் ஓட வேண்டும். ஓட்டத்தின் நடுவிலும் பார்க்க வேண்டும், ஆறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை. உனக்குப் பார்க்க முடியாத இடத்தைப் பல் டாக்டர் அம்மா பார்க்கட்டும். வாய்க்குள்ளே பார்க்கிறவருக்கு இது பெரிய காரியமில்லை.

அந்த வியாழக்கிழமை ஃபோன் வந்தபோது நீ என் கையைப் பிடித்திருந்ததும், ஒன்றுமில்லை என்று அந்தப் பெண் சொன்னதும் நீ எழுந்து போய் வெகுநேரம் சமையலறையில் நின்றதும் எனக்குத் தெரியும். நான் பின்னால் வரவில்லை. அது உன்னுடையது என்று விட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

•

அக்டோபர் 11, ஞாயிறு மதியம்

சின்னவளுக்கு,

மூவரும் நலம்தானே? நான் குளித்து, ஒற்றித் துடைத்து, காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் அத்தான் இப்போதே தபாலில் போடக் காத்திருக்கிறார்.

ஓடி முடிக்கவில்லை. பதினெட்டில் நின்றுவிட்டேன்.

ஆறில் பார்த்தோம், சுத்தம். பன்னிரண்டில் பார்த்தோம், சுத்தம். கால் நன்றாக இருந்தது, மூச்சு நன்றாக இருந்தது, பாலம் ஏறும்போது கணக்கு டீச்சரைக்கூடத் தாண்டினேன். பதினெட்டில் ஒரு பெட்ரோல் பங்க் கழிவறையில் பல் டாக்டர் அம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்தார். “சொல்லுங்க” என்றேன். “மடிப்பு நல்லா இருக்கு. அதுக்குக் கீழ செவந்திருக்கு. தோல் இன்னும் போகல” என்றார். கழற்றிவிட்டு நானும் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு நாணயம் அளவு.

இன்னும் மூன்று கிலோமீட்டர்தான். வெளியே கூட்டம் கை தட்டிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு எண் எழுதிய அட்டையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, நின்றுபோனவர்களை ஏற்றிக்கொள்கிற வேனில் ஏறினேன். உள்ளே நொண்டிக்கொண்டு ஆறு பேர். எனக்கு மட்டும் எங்கும் வலி இல்லை.

வந்ததும் நன்றாகப் பார்த்தேன். கீழ்ப்பட்டை பன்னிரண்டுக்கு மேல் வேர்வையில் தொய்ந்து மேலே ஏறியிருக்கிறது. இது என் தப்பில்லை. நீ சொன்னபடி தடவினேன், நீ சொன்னபடி அலசினேன். என் மார்பின் தப்பும் இல்லை. உன் தப்பு. பட்டையை ஒரு விரல் தளர்வாக வெட்டியிருக்கிறாய், அடுத்த ஓட்டம் மார்ச்சில், அதற்குள் பிரித்து ஒழுங்காகத் தை.

இதை எழுதிவிட்டு உன் அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். “இவ்வளவு கறாரா எழுதலாமா, அவ மனசு கஷ்டப்படாதா?” என்று கேட்கிறார். கஷ்டப்பட்டால் படட்டும், அவள் என் தங்கச்சி என்றேன்.

பிராவைத் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். தொய்ந்த இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டிருக்கிறேன்.

அக்கா